கோளாறு தெரிந்த இஞ்சின், கையால் போடும் கியர்: பழைய லாரா ஆர்எஸ் வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டு கதவு, தாழ்ந்த கூரை, கையால் போடும் கியர் என்று அசல் கூபே ஒன்றைச் சேலத்துச் செகண்ட் ஹேண்ட் சந்தையில் தேடினால் செருப்புதான் தேயும். போர்ஷே கேமன், நிஸான் 370இசட் போன்றவை பெருநகரங்களில் எப்போதாவது தலைகாட்டும். விலையைக் கேட்டபின் உதிரிபாகத்தைப் பற்றிக் கேட்கத் தைரியம் வராது. அந்த ஆசையை நடைமுறையில் தீர்த்துக்கொள்ள நம் பக்கம் கிடைக்கிற வண்டி ஸ்கோடா லாரா ஆர்எஸ். நான்கு கதவும் அகலமான டிக்கியும் உள்ள இதைக் கூபே என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் 1.8 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல், 160 குதிரைத்திறன், 1500 ஆர்பிஎம்மிலேயே கிடைக்கும் 250 நியூட்டன் மீட்டர் இழுவை, 6 கியர் மேனுவல் எல்லாம் சேர்ந்து ஏற்காட்டு மலைப்பாதையில் பல கூபேக்களை வெட்கப்பட வைக்கும். 2011ல் வந்தது, 2013ல் புதிய ஆக்டேவியா வந்ததும் நின்றுபோனது.

இந்த இஞ்சினுக்குக் கெட்ட பெயர் உண்டு. அதை மறைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள், அதைக் கேள்விப்பட்டே ஓடிப்போகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே தேவையில்லை. எந்தக் கோளாறு, எதனால், எப்படிக் கண்டுபிடிப்பது என்பது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். தெரிந்த கோளாறுக்கு ஒரு விலை போட்டுவிடலாம். சோதிக்க விடாத வண்டிக்குத்தான் விலையே போட முடியாது.

வண்டியைப் பார்க்கும் முன் இஞ்சினைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் இஏ888 வகை, இரண்டாம் தலைமுறை. 1798 சிசி, இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறை. வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் கிடையாது, அந்த இடத்தில் செயின். "செயின் வண்டிங்க, ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்" என்று புரோக்கர் சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

முதல் வில்லன் செயின் அல்ல, செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர். ஓடும்போது ஆயில் அழுத்தம் அதன் பிஸ்டனைத் தள்ளிப் பிடிக்கிறது. இஞ்சின் நின்றதும் ஆயில் வடிந்துவிடும். அப்போது பிஸ்டன் பின்வாங்காமல் தடுக்க உள்ளே ஒரு பல்லும் கொக்கியும் உண்டு. பழைய வடிவமைப்பில் இந்தக் கொக்கி தேய்ந்து நழுவும், செயின் தளரும், மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யும்போது ஓரிரு பல் தாண்டும். வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் அமைப்புள்ள இஞ்சின் இது. பல் தாண்டினால் வால்வு வளையும், ஹெட் கழற்ற வேண்டும், சில சமயம் பிஸ்டனும் போகும். திருத்தப்பட்ட டென்ஷனரின் எண் 06கே 109 467 கே. 06எச் என்று தொடங்கினால் அது பழைய வரிசை. விற்பவர் "மாத்தியாச்சு" என்றால் பில்லில் இந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாத பில்லை மாற்றாததற்குச் சமமாகவே கணக்கிடுங்கள்.

மலையில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு. ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போடாமல் முதல் கியரில் விட்டால், வண்டி பின்னால் நழுவப் பார்க்கும்போது இஞ்சின் தலைகீழாகச் சுற்றும். இறக்கத்தில் ரிவர்ஸ் கியரில் விட்டாலும் அதே கதைதான். தளர்ந்த டென்ஷனருக்கு அந்த அரைச்சுற்றே போதும். ஏற்காட்டில் வளர்ந்த வண்டி என்றால் ஓனர் எப்படி நிறுத்துவார் என்று நின்று கவனியுங்கள்.

இரண்டாவது, ஆயில் குடிப்பது. பிஸ்டனில் உள்ள ஆயில் ரிங் மெல்லியது, ஆயில் வடிய விட்ட துளைகள் சிறியவை. கார்பன் படிந்து துளை அடைபட்டால் சிலிண்டர் சுவரில் ஒட்டிய ஆயில் கீழே திரும்பாமல் எரிந்து போகிறது. 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை இயல்பு என்பது கம்பெனிக் கணக்கு. நம் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 7500 கிலோமீட்டருக்கு 3.75 லிட்டர். இஞ்சின் கொள்வதே சுமார் 4.6 லிட்டர். அதாவது ஒரு ஆயில் சர்வீஸுக்குள் கிட்டத்தட்ட முழு ஆயிலும் புகையாகிவிடும். இதை இயல்பு என்று ஏற்க வேண்டியதில்லை. 1000 கிலோமீட்டருக்கு 200 மில்லிக்குள் இருந்தால் நிம்மதியாக வாங்கலாம். அரை லிட்டரைத் தொட்டால் பிஸ்டன், ரிங் வேலையை விலையில் கழித்தாக வேண்டும்.

மூன்றாவது, இஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வு. வால்வு கவருக்கு மேலே உட்கார்ந்திருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி இதுதான். உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்தால் ஐடிலிங்கில் விசில் சத்தம் வரும், காற்று அதிகமாகி மிஸ்ஸிங் அடிக்கும், ஆயிலும் கூடுதலாகக் குடிக்கும். கவனியாமல் விட்டால் கியர் பாக்ஸ் பக்கத்து கிராங்க் சீலில் ஆயில் கசியத் தொடங்கும். நல்ல செய்தி, இதை மாற்றுவது அரை மணி நேர வேலை. ஆயில் குடிக்கிறது என்று பிஸ்டனைக் கழற்றும் முன் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான். பல பட்டறைகள் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கின்றன.

நான்காவது, இன்லெட் வால்வில் கார்பன். பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போவதால் வால்வைக் கழுவ எதுவும் இல்லை. ஆவியோடு வரும் ஆயில் அங்கேயே கருகிப் படியும். காலையில் நடுக்கம், மந்தமான பிக்கப். இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி அக்ரூட் ஓட்டுத் தூளை அழுத்தக் காற்றோடு அடித்துச் சுத்தம் செய்வார்கள். 60,000 முதல் 80,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை வரும் பராமரிப்பு இது, கோளாறு என்று சொல்வதுகூட அதிகம். டேங்கில் ஊற்றும் கிளீனர் பாட்டில் இதற்கு உதவாது. அந்தத் திரவம் வால்வின் பின்புறத்தைத் தொடவே தொடாது.

ஐந்தாவது, வாட்டர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு. இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும். வெப்பத்தில் வளைந்து கசியும். கசிந்த இடத்தில் இளஞ்சிவப்பு உப்புப் பொருக்கு படிந்திருக்கும். மேனிஃபோல்டைக் கழற்றும்போது கார்பன் சுத்தத்தையும் இதையும் சேர்த்தே முடித்தால் ஒரு கூலி மிச்சம்.

மற்றவை சில்லறை: இக்னிஷன் காயில், டர்போவில் மிஞ்சும் காற்றழுத்தத்தைத் திருப்பிவிடும் டைவர்டர் வால்வின் கிழிந்த சவ்வு, இன்டேக் மேனிஃபோல்டின் ஃபிளாப். எரிச்சல் தரும், ஆனால் இஞ்சினைக் கொல்லாது.

போனிலேயே பாதியை முடியுங்கள்

கடைசி ஆயில் சர்வீஸ் எந்தக் கிலோமீட்டரில், எந்த கிரேடு, நடுவில் எத்தனை முறை ஆயில் ஊற்றினீர்கள்? இந்த மூன்றுக்கும் தடுமாறாமல் பதில் சொல்பவர் வண்டியைத் தெரிந்து வைத்திருப்பவர். "ஒரு சொட்டுகூடக் குறையாதுங்க" என்ற பதிலைவிட "ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் ஊத்துவேங்க" என்ற பதில் நம்பத் தகுந்தது. ஈசியூ ரீமேப், அதாவது இஞ்சினை ஆளும் கணினியின் நிரலை மாற்றிச் சக்தியைக் கூட்டும் வேலை, செய்தார்களா என்பதையும் கேளுங்கள். ஆர்எஸ் வாங்கியவர்களில் பலர் செய்திருப்பார்கள். ரீமேப் குற்றமில்லை, ஆனால் கிளட்ச்சும் டர்போவும் கூடுதலாக உழைத்திருக்கும்.

பின்பு ஒரே ஒரு நிபந்தனை: "நாங்க வர்ற அன்னைக்கு முந்தின ராத்திரியிலிருந்து வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க." இதற்கு மழுப்புகிறவரிடம் போய் வர ஆகும் பெட்ரோல் செலவுகூட வீண்.

காகிதம்

ஆர்.சி.யின் பதிவுத் தேதியை முதலில் பாருங்கள், இந்த வண்டிக்கு அது முக்கியம். தனியார் காருக்கு ஆர்.சி. 15 ஆண்டுதான். 2011ல் பதிவானது 2026ல் முடிகிறது, 2012 என்றால் 2027. அதன்பின் ஆர்டிஓ ஆய்வு முடித்து 5 ஆண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். கார்களுக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5000 ரூபாயாக உயர்ந்தது. சைலன்சரில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைப் பிடுங்கிவிட்டு வெறும் பைப் போட்ட வண்டி அந்த ஆய்வில் திணறும், கேட்டலிட்டிக்கும் மலிவல்ல.

வண்டி சேலத்திலேயே, டிஎன் 30 அல்லது டிஎன் 54 என்று இருந்தால் பெயர் மாற்றப் படிவம் 29, 30 போதும். கடன் இருந்திருந்தால் படிவம் 35ம் வங்கிக் கடிதமும் வேண்டும். பெங்களூருவிலிருந்து கேஏ வண்டி எடுத்தால் படிவம் 28ல் என்ஓசி வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, புது எண் எடுக்க வேண்டும். "விலை கம்மி" என்று அங்கே போகிறவர்கள் இந்த வரியைக் கூட்டிப் பார்த்தபின் போகட்டும். சேஸிஸ் எண்ணும் இஞ்சின் எண்ணும் ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். இந்த வகையில் இஞ்சினையே மாற்றிய வண்டிகள் உண்டு. மாற்றியது தவறல்ல, ஆர்.சி.யில் பதியாததுதான் தவறு. இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். நோ கிளெய்ம் போனஸ் விற்றவரோடு போய்விடும்.

விடியற்காலை ஆறு மணி: முதல் ஸ்டார்ட்

போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்புங்கள்.

குளிர்ந்திருந்தால் முதலில் டிப்ஸ்டிக். சமதரையில் அளவு நடுவுக்கு மேலே இருக்க வேண்டும். ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். கறுத்த பிசின் படிந்திருந்தால் ஆயிலை நேரத்துக்கு மாற்றவில்லை. வெண்ணெய் போல மஞ்சள் நுரை இருந்தால் பதற வேண்டாம், வண்டி எங்கே ஓடியது என்று கேளுங்கள். ஏற்காட்டுப் பனியில் தினம் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் ஈரம் ஆவியாகாமல் இப்படி நுரைக்கும். சேலம் வெயிலில் தினம் 40 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் அதே நுரை இருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். கூலன்ட் டப்பாவில் ஆயில் மிதக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

இப்போது ஸ்டார்ட். ஒருவர் சாவி திருப்பட்டும், நீங்கள் டிரைவர் பக்கத்துச் சக்கரத்தருகே நில்லுங்கள், செயின் இருப்பது அந்தப் பக்கம். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். கேட்க வேண்டியது, முதல் நொடிகளில் வரும் இரும்புச் சங்கிலி உலுக்குவது போன்ற "கரகர" ஓசை. அரை நொடியில் அடங்கினால் கவனித்துக்கொள்ளலாம். இரண்டு நொடிக்கு மேல் நீடித்தால் டென்ஷனர் மாற்றும் வரை அந்த வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்வதே சூதாட்டம். இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஓசை ஒன்று உண்டு: உயரழுத்த பெட்ரோல் பம்ப்பும் இன்ஜெக்டர்களும் எழுப்பும் "டிக் டிக் டிக்". தையல் மெஷின் போலத் தொடர்ந்து கேட்கும். அது இந்த இஞ்சினின் பிறவிக் குரல். முதல் நிமிடம் ஐடிலிங் சற்று உயர்ந்திருப்பதும் இயல்பே.

ஓபிடி: அழித்ததையும் படிக்கலாம்

வண்டியின் கணினி குறித்து வைத்திருக்கும் கோளாறுக் குறியீடுகளை, பட்டறை மொழியில் "கோடு"களை, படிக்கும் வழிதான் ஓபிடி. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் ஸ்கேனரைப் போடுங்கள். சாதாரண ப்ளூடூத் கருவி பொதுவான கோடுகளை மட்டும் காட்டும். முழு விவரத்துக்கு ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளைப் படிக்கும் விசிடிஎஸ் அல்லது ஓபிடி லெவன் கருவி வேண்டும். அது வைத்திருக்கும் மெக்கானிக்கை ஒருநாள் கூலிக்கு அழைத்துப் போவது இந்த வியாபாரத்திலேயே லாபமான செலவு.

முக்கியமான கோடு பி0016, கிராங்க்குக்கும் கேம்ஷாஃப்ட்டுக்கும் கணக்கு ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். செயின் நீண்டிருக்கலாம், பல் தாண்டியும் இருக்கலாம். பி0171 காற்று அதிகம், பிசிவியில் தொடங்குங்கள். பி0299 டர்போ அழுத்தம் போதவில்லை, டைவர்டர் வால்வு அல்லது குழாய்க் கசிவு. பி0300 முதல் பி0304 வரை மிஸ்ஸிங், பி0300 குறிப்பிட்ட சிலிண்டரைச் சொல்லாது, மற்றவற்றில் கடைசி எண் எந்த சிலிண்டர் என்று சொல்லும். பி2015 மேனிஃபோல்டு ஃபிளாப்.

கோடு ஒன்றுமே இல்லை என்றால் உடனே மகிழ வேண்டாம். வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் "ரெடினஸ்" பக்கத்தைத் திறந்து பாருங்கள். சோதனைகள் எல்லாம் முடிவடையாத நிலையில் இருந்தால், நேற்றோ இன்றோ யாரோ கோடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரி வயரைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். நல்ல வண்டியில் அதற்கு அவசியம் வராது.

விசிடிஎஸ்ஸில் 093ம் அளவீட்டுப் பகுதியில் கேம்ஷாஃப்ட் நிலையின் விலகல் டிகிரியில் தெரியும். பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்தால் செயின் நலம். மைனஸ் 4ஐத் தாண்டினால் டென்ஷனர் புதிதாக இருந்தாலும் செயின் நீண்டுவிட்டது, செட்டாக மாற்ற வேண்டும்.

ஏற்காடு: இருபது வளைவுச் சோதனை

ஆயிரக்கணக்கில் செலவழித்து, இஞ்சின் சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றிப் பார்ப்பதை இந்த மலை இலவசமாகச் செய்து தருகிறது. கடல்மட்டத்திலிருந்து சேலத்தின் உயரம் 300 மீட்டருக்கும் குறைவு, ஏற்காடு சுமார் 1500 மீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை. ஓனரையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நண்பர் ஒருவர் இன்னொரு வண்டியில் வரட்டும். வார நாளில் காலை ஏழு மணிக்கு முன் கிளம்பினால் பாதை காலி. வளைவில் வேகம் காட்ட இங்கே வரவில்லை, இஞ்சினுக்குச் சுமை கொடுக்க வந்திருக்கிறோம். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது மலைப்பாதை மரியாதை, குரங்குகள் மட்டும் அதைப் படித்ததில்லை.

ஐந்து ரோடு, அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம் போவதற்குள் வெப்பமானி நடுவில், 90 டிகிரியில், நிற்க வேண்டும். நடுவுக்கே வராமல் இழுத்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது.

ஏற்றம் தொடங்கியதும், முன்னால் வண்டி இல்லாத நேரான பகுதியில் நான்காம் கியர், 2000 ஆர்பிஎம், ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். ஆர்பிஎம் முள் துள்ளி ஏறி, வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. இழுக்கும்போது உதறினால் காயில் அல்லது பிளக். உதறாமல், ஆனால் 1500க்கு மேலும் இழுவையே வராமல் சோம்பினால் டைவர்டர் வால்வு. ஏறும்போது மூன்றாம் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் மாறி மாறி வாருங்கள். இரண்டில் போடும்போது "கர்" என்றால் கியர்கள் உரசாமல் சேர வைக்கும் சின்க்ரோனைசர் தேய்ந்திருக்கிறது.

மேலே ஏரிப்பக்கம் ஓரிடத்தில் நிறுத்தி, ஏசி போட்டு, பத்து நிமிடம் ஐடிலிங்கில் விடுங்கள். ஃபேன் ஓடி நின்று மறுபடி ஓட வேண்டும், வெப்பமானி அசையக் கூடாது. கூலன்ட் மூடியைச் சூட்டில் தொடவே கூடாது, முகம் வெந்துவிடும். ஆயில் மூடியைத் திறக்கலாம், திறக்கவும் வேண்டும், பிசிவி சோதனை இதுதான்: ஐடிலிங்கில் மூடியை மெல்லத் தூக்குங்கள். லேசாக உறிஞ்சி, இஞ்சின் சற்றே தடுமாறினால் சரி. மூடி வரவே மறுத்து, பிடுங்கியதும் விசில் நின்றால் சவ்வு கிழிந்துவிட்டது. நிறுத்தும்போது காது கொடுங்கள். இஞ்சின் அணையும் நொடியில் "டடக்" என்று உதைத்தால் இஞ்சின் அதிர்வை அடக்கும் டூயல் மாஸ் ஃபிளைவீல் தேய்கிறது. கிளட்ச் மாற்றும்போது அதையும் சேர்த்து மாற்றும் செலவு வரும்.

இறக்கம்தான் ஆயில் சோதனை. இரண்டாம் கியரில், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, இரண்டு மூன்று வளைவுகளுக்கு இஞ்சின் பிரேக்கிலேயே இறங்குங்கள். இந்த நேரத்தில் சிலிண்டருக்குள் வெற்றிடம் கூடி, தேய்ந்த ரிங் வழியாகவும் வால்வு சீல் வழியாகவும் ஆயில் மேலே உறிஞ்சப்படும். அடுத்த நேர்ப்பகுதியில் ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்கள். பின்னால் வரும் நண்பர் சொல்லட்டும்: நீலப்புகை ஒரு கொத்து வந்ததா? ஒருமுறை மெல்லிய கோடு என்றால் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் வண்டி மறைகிற அளவுக்கு வந்தால் பிஸ்டன் வேலை உறுதி. இனிப்பு வாடையோடு நிற்காத வெண்புகை கூலன்ட். கறும்புகை பெட்ரோல் அதிகம், ரீமேப் செய்த வண்டிகளில் இது சாதாரணம்.

மழைக்காலத்தில் மண் சரிந்து பாதையை மூடினால் குப்பனூர் வழி இருக்கிறது.

பட்டறையில் இரண்டு மணி நேரம்

மலை சொன்னதை எண்ணாக மாற்றும் இடம் இது. நான்கு பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். ஒன்றில் மட்டும் ஈரமான கரி இருந்தால் அந்த சிலிண்டரில் ஆயில் ஏறுகிறது. கம்ப்ரஷன் அளவு 11 முதல் 14 பார் வரை நல்லது, 7 பார்தான் கடைசி எல்லை. எண் பெரிதாக இருப்பதைவிட நான்கும் ஒத்திருப்பது முக்கியம். இரண்டு சிலிண்டருக்கு இடையே 3 பாருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பேச்சு முடிந்தது. பிளக் துளை வழியே சிறு கேமராவை விட்டு சிலிண்டர் சுவரில் செங்குத்துக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள்.

செயின் கவரின் கீழ்ப்பகுதியில் சிறு ரப்பர் மூடி ஒன்று உண்டு. அதைக் கழற்றி வெளிச்சம் அடித்தால் டென்ஷனரின் பிஸ்டனில் வெளியே தெரியும் பற்களை எண்ணலாம். ஏழு அல்லது அதற்கு மேல் தெரிந்தால் செயின் ஆயுள் தீர்ந்தது.

பலரும் மறக்கிற சோதனை ஆயில் ஃபில்டர். இந்த இஞ்சினில் அது மேலேயே இருக்கிறது, ஐந்து நிமிடத்தில் கழற்றலாம். விற்பவர் ஒப்புக்கொண்டால் உங்கள் செலவில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிக் கொடுத்து, பழைய ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். ஹாக்ஸா பிளேடு வேண்டாம், அதன் இரும்புத் தூளே உள்ளே விழுந்து உங்களை ஏமாற்றும், தகர வெட்டியால் வெட்டுங்கள். மடிப்புகளை விரித்தால் பழுப்புப் பிளாஸ்டிக் துணுக்கு தெரிகிறதா? அது செயின் ஓடும் கைடு தேய்ந்து உதிர்ந்தது. பளபளக்கும் வெள்ளைத் தூள் பேரிங்.

வண்டியை ஏற்றியிருக்கும்போதே அடியில் கியர் பாக்ஸும் இஞ்சினும் சேரும் இடத்தில் ஆயில் ஈரம், லோயர் ஆர்ம் புஷ் விரிசல், வேகத்தடையில் நசுங்கிய அடித்தகடு ஆகியவற்றை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

சேலத்திலும் சங்ககிரியிலும் லாரி இஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு கோக்கிற கைகள் நிறைய. ஆனாலும் இந்த இஞ்சினின் செயின் வேலைக்குக் கேம்ஷாஃப்ட்டைப் பூட்டும் தனிக் கருவியும், ஒருமுறை இறுக்கியபின் மறுபடி பயன்படுத்தக் கூடாத போல்ட்டுகளும் தேவை. "லாக்கிங் டூல் இருக்குங்களா?" என்று கேளுங்கள். "மார்க் போட்டுக் கழட்டிக்கலாம்" என்பவர் நல்ல மெக்கானிக்காகவே இருக்கலாம், இந்த வேலைக்கு அவர் வேண்டாம். போரிங் அளவு எடுப்பதற்கு நம் ஊர் லேத்துகளே போதும். சிலிண்டரின் அசல் விட்டம் 82.5 மில்லிமீட்டர். நான்கு சிலிண்டரிலும் மேல், நடு, அடி என அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

விலை பேச்சு

பிசிவி, காயில், பிளக், டைவர்டர் வால்வு எல்லாம் பேரம் பேசக் கிடைத்த பொருள்கள். மொத்தப் பட்டியலை எழுதி, சேலத்தில் ஒன்று, கோவை அல்லது பெங்களூருவில் ஒன்று என இரண்டு எஸ்டிமேட் வாங்கி, ஓனர் முன் வையுங்கள். வாட்டர் பம்ப், கார்பன் சுத்தம், டென்ஷனர் செட் நடுத்தரச் செலவு. இவற்றின் முழுத்தொகையையும் கழிக்கக் கேட்பது நியாயம். கிளட்ச்சோடு ஃபிளைவீல், பிஸ்டன் ரிங் என்று வந்தால் வண்டி விலையில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அந்த வண்டி இலவசத்துக்குப் பக்கத்தில் கிடைத்தால் மட்டும் யோசியுங்கள்.

எந்த விலைக்கும் வேண்டாதவை: பி0016 கோடோடு காலைச் சத்தமும் இருந்து டென்ஷனர் பில் இல்லாதது, கூலன்டில் ஆயில் கலந்தது, வெள்ளத்தில் நின்றது, ரெடினஸ் அழித்துவிட்டு மலைக்கு வர மறுப்பவரின் வண்டி. பெயின்ட் பளபளப்பாக இருக்கிறது என்பதற்காக இந்தப் பட்டியலில் ஒன்றையும் தள்ளுபடி செய்ய வேண்டாம். நேர்மாறாக, பம்ப்பரில் கீறலும் சீட்டில் தேய்மானமும் உள்ள, ஆனால் டென்ஷனர் பில்லும் ஆயில் கணக்கு நோட்டும் உள்ள வண்டிக்குச் சற்றுக் கூடுதலாகவே கொடுக்கலாம்.

இதற்கு முந்தைய ஆக்டேவியா ஆர்எஸ் கண்ணில் பட்டால், 1.8 டர்போ, 150 குதிரைத்திறன், 5 கியர், அதன் நோய்களே வேறு. அங்கே முதன்மையானது டைமிங் பெல்ட், அதோடு பிளாஸ்டிக் இம்பெல்லர் உடையும் வாட்டர் பம்ப். பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்பதற்குக் கிலோமீட்டர் மட்டும் போதாது, வருடமும் வேண்டும். பில் இல்லையென்றால் வாங்கிய அன்றே பெல்ட், டென்ஷனர், இரும்பு இம்பெல்லர் உள்ள பம்ப் மூன்றையும் போடுங்கள். ஆயில் பானில் பிசின் படிந்து உறிஞ்சுக் குழாயை அடைப்பதும் அதன் வழக்கம். இருபது வருட ரப்பர் குழாய்களைக் கேட்கவே வேண்டாம்.

வாங்கிய முதல் வாரம்

பெங்களூருவிலிருந்து ஓட்டி வந்தால் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பழைய பிரேக்கை நம்பாமல் கியரில் இறங்குங்கள். வீடு சேர்ந்ததும் விடபிள்யூ 502 00 தரமுள்ள 5டபிள்யூ-40 ஆயில், புது ஃபில்டர். டென்ஷனர் பழையது என்றால் அடுத்த வேலை அதுதான், அலாய் வீல் பிறகு. அதன்பின் பிசிவி, பிளக், கூலன்ட், பிரேக் ஆயில். கூலன்ட் ஜி12 அல்லது ஜி13 வகை, கிணற்றுத் தண்ணீர் கலக்கக் கூடாது. உப்புத் தண்ணீரில் பிளாஸ்டிக் கூடும் ரேடியேட்டரும் வேகமாகப் போய்விடும்.

ஆயிலை 15,000 வரை இழுக்காமல் 7500 கிலோமீட்டரில் மாற்றுங்கள். ஆயில் ரிங் அடைபடாமல் இருக்க இதைவிடப் பெரிய மருந்து இல்லை. பெட்ரோல் 95 ஆக்டேன் கிடைத்தால் அதையே போடுங்கள், மலை ஏறும்போது வித்தியாசம் காலுக்கே தெரியும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கென்று செய்த வண்டி இதுவல்ல, ஆகவே வருடம் ஒருமுறை பெட்ரோல் குழாய்களையும் இணைப்புகளையும் முகர்ந்து பாருங்கள். மலை ஏறி முடித்ததும் ஒரு நிமிடம் ஐடிலிங்கில் விட்டு அணையுங்கள், டர்போ பேரிங்கில் ஆயில் கருகாது. நிறுத்தும்போது முதலில் ஹேண்ட் பிரேக், பிரேக்கிலிருந்து காலை எடுத்து வண்டி நின்றுகொள்கிறதா என்று பார்த்து, பிறகு கியர்.

டிக்கியில் ஒரு லிட்டர் ஆயிலும் டேஷ்போர்டில் ஒரு நோட்டும் வையுங்கள். எந்தக் கிலோமீட்டரில் எத்தனை மில்லி ஊற்றினீர்கள் என்று எழுதி வாருங்கள். நாளை இதே வண்டியைப் பார்க்க ஒருவர் காலை ஆறு மணிக்கு வந்து பானெட்டில் கை வைக்கும்போது, அவர் முதலில் கேட்கப்போவது அந்த நோட்டைத்தான்.